பாதியில் விடாமல் பார்க்க எந்தப் படம், எந்தத் தொடர்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: கடந்த சில வருடங்களில் வந்த படங்களிலும் தொடர்களிலும் பார்க்கத் தகுந்தவை எவை, இரவு ஒன்பதரைக்கு மேல்தான் நேரம் கிடைக்கிறது, அதில் அரை மணி நேரம் தேடுவதிலேயே போய்விடுகிறது, ஆரம்பித்ததையும் பாதியில் நிறுத்திவிடுகிறேன், கூட உட்கார்ந்து பார்க்கும் அம்மாவுக்கு சப்டைட்டில் ஓடும் வேகம் ஒத்துவருவதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு பட்டியல் கேட்கும் கேள்வி. ஆனால் பட்டியலுக்கா பஞ்சம்? தேடிய இடமெல்லாம் பட்டியல்தானே கிடைத்திருக்கும். எது என்னைக் கடைசிவரை உட்கார வைக்கும், அதை ஆரம்பிக்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் இருபது வருடமாகப் படத்தொகுப்பில் இருக்கிறேன். முதல் ஏழு வருடம் உதவி எடிட்டர், அப்புறம் தனியாக. ஒரே காட்சியை நாற்பது தடவை பார்ப்பது எங்களுக்கு அன்றாட வேலை என்பதால், எங்கே பார்ப்பவரின் கவனம் நழுவும் என்பது ஓரளவுக்கு உடம்பிலேயே பதிந்துவிடும். அதனால் ஒரு படம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எந்த இடத்தில் தொய்கிறது, ஏன் தொய்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். அது உங்களுக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம், அங்கே என் ரசனை உள்ளே வந்துவிடும். எனக்கு நீண்ட ஷாட்கள் மேல் ஒரு பிரியம் உண்டு, பின்னணி இசை குறைவாக இருந்தால் சந்தோஷப்படுவேன், நகைச்சுவையிலும் பேய்ப் படங்களிலும் என் பார்வை குறுகலானது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் பாதியில் விடுவதைப் பற்றி. அது உங்கள் பொறுமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. நிறைய படங்களும் தொடர்களும் நம்மை விட்டுவிடச் சொல்லியே கட்டப்பட்டிருக்கின்றன. ஓடிடிக்கு வேலை செய்யும்போது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படுவது முதல் பத்து நிமிடத்தில் ஏதாவது பெரிதாக நடக்க வேண்டும் என்பதுதான். நான் வேலை செய்த ஒரு தொடரில் ஆறாம் எபிசோடில் வரவேண்டிய துரத்தலை எடுத்து முதல் காட்சியாக வைத்து, கீழே 'மூன்று நாட்களுக்கு முன்பு' என்று போட்டோம். ஆரம்பத்தில் ஆட்கள் பார்த்தார்கள், மூன்றாம் எபிசோடில் விட்டுவிட்டார்கள். காரணம் எளிது. சேமித்து வைத்திருந்ததை முதலிலேயே செலவழித்துவிட்டோம், மிச்சமிருந்த நேரமெல்லாம் ஏற்கெனவே தெரிந்த இடத்துக்கு நடந்து போவதாகிவிட்டது. அதைவிட மோசம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற படங்கள். ஒருவன் அழுகிறான், அவன் ஏன் அழுகிறான் என்று இன்னொருவர் விளக்குகிறார், பிறகு அதையே இசையும் விளக்குகிறது. இப்படி மூன்று தடவை சொல்லப்பட்ட விஷயத்தில் பார்ப்பவருக்கு வேலையே இல்லை. வேலை இல்லாதவன் எழுந்து போவான், அல்லது கைபேசியை எடுப்பான்.

அதனால் நான் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பது ஒன்றே ஒன்று: இது எதைக் காட்டாமல் வைத்திருக்கிறது, அதை நான் நிரப்பிக்கொள்ள எனக்கு இடம் விடுகிறதா? முதல் இருபது நிமிடத்திலேயே இது தெரிந்துவிடும். கதை வேகமாகப் போகிறதா என்று பார்க்காதீர்கள், திரையில் இல்லாத ஏதோ ஒன்றைப் பற்றி நீங்கள் யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஆரம்பித்திருந்தால் கடைசிவரை இருப்பீர்கள்.

இதற்கு நான் முதலில் எடுப்பது 2023இல் வந்த 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்'. ஜஸ்டின் த்ரியே இயக்கியது, கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனை வாங்கியது, பிறகு திரைக்கதைக்கு ஆஸ்கரும் கிடைத்தது. மலைமேல் ஒரு வீடு, மாடியிலிருந்து விழுந்து கணவன் இறந்து கிடக்கிறான், மனைவி மேல் வழக்கு, சாட்சி சொல்ல வேண்டியவன் பார்வைக் குறைபாடுள்ள மகன். கதையைச் சொன்னால் வழக்கமான நீதிமன்றப் படம் மாதிரிதான் இருக்கும். ஆனால் நடுவில் ஒரு இடம் வருகிறது. கணவனும் மனைவியும் போட்ட சண்டையின் ஒலிப்பதிவை நீதிமன்றத்தில் ஓட விடுகிறார்கள், நாம் அந்தச் சண்டையைக் கண்ணால் பார்க்கிறோம், நீளமான காட்சி, இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அது கைகலப்பாக மாறும் அந்த நொடியில் படம் சட்டென்று நீதிமன்றத்துக்குத் திரும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு நமக்கு ஒலி மட்டும்தான். யார் யாரை அடித்தார்கள் என்று அந்த அறையில் இருக்கும் எல்லோரையும் போலவே நாமும் காதால்தான் ஊகிக்க வேண்டும். அந்த ஒரு கட் மட்டும் இல்லையென்றால் படமே வேறு படம். அதன் எடிட்டர் லோரான் செனெஷால் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார், அந்தக் காட்சி ஒன்றே போதும் அதற்கு. இரண்டரை மணி நேரப் படம் என்பதால் இதை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வருடம், அதே நடிகை சாண்ட்ரா ஹுல்லர் நடித்த இன்னொரு படம் 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்', ஜானதன் கிளேசர் இயக்கியது. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் சுவரை ஒட்டிய வீட்டில் அந்த முகாமின் அதிகாரி ருடால்ஃப் ஹோஸ் குடும்பத்தோடு வாழ்கிறான். தோட்டம், நீச்சல்குளம், குழந்தைகள், விருந்தாளிகள். முகாமுக்குள் நடப்பதைக் காமிரா ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குள் பல காமிராக்களை ஆங்காங்கே மறைவாகப் பொருத்திவிட்டு, படக்குழு வெளியே இருந்துகொண்டு, நடிகர்களை அந்த அறைகளில் நடமாட விட்டு எடுத்தார்கள். சிறந்த ஒலிக்கும் சிறந்த சர்வதேசப் படத்துக்கும் ஆஸ்கர் கிடைத்தது. ஒரு மணி முக்கால் நேரம்தான். ஆனால் இதைக் களைத்துப்போன இரவில் பார்க்க வேண்டாம், டிவி ஸ்பீக்கரில் பார்ப்பதைவிட ஹெட்ஃபோனில் பார்த்தால்தான் படத்தின் பாதி உங்களுக்குக் கிடைக்கும். நான் இதை இரண்டாம் தடவை படத்தை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்டேன். அப்படிக் கேட்பது வேறொரு படம், அதுதான் உண்மையான படமும்கூட.

இரண்டும் கனமானவை. வேலை முடிந்து வந்த இரவுக்கு ஏற்றவை வேண்டுமென்றால், 'பாஸ்ட் லைவ்ஸ்' என்பதைச் சொல்வேன், செலின் சாங் எடுத்த முதல் படம், 2023. சிறுவயதில் பிரிந்த இருவர் இருபது வருடங்களுக்கு மேல் கழித்துச் சந்திக்கிறார்கள், அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, கணவன் நல்லவன். வில்லன் யாரும் கிடையாது. படம் ஆரம்பிக்கும்போது மூன்று பேர் ஒரு மதுக்கூடத்தில் உட்கார்ந்திருக்க, முகம் தெரியாத யாரோ இருவர் தூரத்திலிருந்து அவர்களைப் பார்த்து இவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவாக இருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள். முதல் நிமிடத்திலேயே உங்களுக்கு வேலை கொடுத்தாகிவிட்டது. கடைசியில் இருவர் ஒரு வண்டிக்காகத் தெருவில் காத்து நிற்கும் நேரத்தை அப்படியே வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். எந்த எடிட்டருக்கும் அங்கே கை பரபரக்கும். கை வைக்காமல் விட்டதுதான் அந்தப் படத்தின் துணிச்சல்.

விம் வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' பற்றி நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள், நானும் சொல்கிறேன். டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஒருவரின் நாட்கள், அவ்வளவுதான். கோஜி யாகுஷோவுக்கு இதற்காக கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. முதல் இருபது நிமிடத்தில் அவர் பேசுவது மிகக் குறைவு. இதில் ஒரு எச்சரிக்கை: படம் முடிந்து பெயர்கள் எல்லாம் ஓடி முடித்த பிறகு, திரையில் ஒரு ஜப்பானியச் சொல்லுக்கு விளக்கம் வரும். மரக்கிளைகளுக்கு நடுவே அசையும் வெளிச்சத்துக்கான சொல் அது. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் படத்தை ஒரு மூலையில் சிறிதாக்கி அடுத்த படத்தின் முன்னோட்டத்தைத் தள்ளிவிடுகிற வசதியை அமைப்பில் போய் அணைத்துவிட்டுப் பாருங்கள். இந்தப் படத்துக்கு மட்டும் என்றில்லை, எல்லாவற்றுக்கும்தான். ஒரு படம் முடிந்த உடனே அதோடு இருக்கும் அந்த இரண்டு நிமிடமும் படத்தில் சேர்த்தி.

தமிழில் வந்தவற்றில் முதலில் 'கொட்டுக்காளி', பி.எஸ். வினோத்ராஜ், 2024. இவருடைய முதல் படம் 'கூழாங்கல்' ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. கொட்டுக்காளியில் பின்னணி இசை கிடையாது, பாட்டு கிடையாது, ஒரு பெண்ணை ஒரு குடும்பம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறது, அன்னா பென் படம் முழுக்க ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. வழியில் ஒரு காளை குறுக்கே நின்றுவிட, இத்தனை ஆம்பளைகளும் தடுமாறி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாள். படம் என்ன சொல்ல வருகிறது என்பது அந்த ஒரு காட்சியில் இருக்கிறது, யாரும் வாயால் சொல்வதில்லை. இதன் முடிவைப் பற்றி நிறைய சண்டை நடந்தது, ஏமாற்றமாக இருக்கிறது என்றார்கள். முடிவை நம் கையில் கொடுத்துவிட்டுப் போவது எல்லோருக்கும் ஒப்பாது என்பதை நான் மதிக்கிறேன், ஆனால் அந்த இடத்தில் வேறு எங்கே வெட்டியிருந்தாலும் படம் தன் கேள்வியை இழந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு நேர் எதிராக 'மெய்யழகன்', அதே 2024, பிரேம்குமார் இயக்கியது. இது பேசுகிற படம், இரவெல்லாம் இருவர் பேசுகிறார்கள். அப்படியானால் எல்லாவற்றையும் சொல்லிவிடும் படம்தானே என்று கேட்கலாம். இல்லை. அரவிந்த் சாமிக்குத் தன்னை இப்படி உருகி உருகிக் கவனிக்கும் கார்த்தியின் பெயர் தெரியாது, கேட்கவும் கூச்சம், நாமும் அவரோடு சேர்ந்து அந்தப் பெயருக்காகக் காத்திருக்கிறோம். ஒரே ஒரு விஷயத்தை மறைத்து வைத்ததில் மூன்று மணி நேரப் படம் நிற்கிறது. வெளியான சில நாட்களில் நீளம் என்ற புகாரால் பதினெட்டு நிமிடம் குறைத்தார்கள். அந்தக் குறைப்பு படத்துக்கு நல்லதா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. இரண்டாம் பாதி சுற்றி வருவது உண்மைதான், ஆனால் ஒரு இரவு முழுக்கக் கண்விழித்துப் பேசியது மாதிரி நமக்கு ஒரு அசதி வர வேண்டும், அந்த அசதியும் சேர்ந்துதான் காலையில் நடக்கும் காட்சியை நெஞ்சில் அறைய வைக்கிறது. உங்கள் அம்மாவோடு பார்க்க இதைவிடப் பொருத்தமான படம் என் நினைவில் இல்லை.

மலையாளத்தில் 'ஆட்டம்', ஆனந்த் ஏகர்ஷி. ஒரு நாடகக் குழு, பன்னிரண்டு ஆண்கள், ஒரே ஒரு பெண். ஒரு இரவு அவளுக்கு ஒரு கொடுமை நடக்கிறது, யார் செய்தது என்று மற்றவர்கள் கூடி உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். பெரும்பாலும் பேச்சுதான், ஆனால் ஒவ்வொருவர் பேசும்போதும் யாருடைய முகத்தைக் காட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். தேசிய விருதில் சிறந்த படம், திரைக்கதை, எடிட்டிங் மூன்றும் இதற்குத்தான். பாயல் கபாடியாவின் 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்' பற்றித் தனியாகவே எழுதலாம். முப்பது வருடம் கழித்து கான் விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போன இந்தியப் படம், அங்கே இரண்டாம் பரிசான கிராண்ட் ப்ரீயும் வாங்கியது. மெதுவான படம், முதல் பாதி நகரத்தின் இரைச்சலில் ஓடுகிறது, இரண்டாம் பாதியில் கடற்கரைக்குப் போனதும் படம் மூச்சுவிடுவது நமக்கே கேட்கும். பிரேசிலின் 'ஐ'ம் ஸ்டில் ஹியர்' கொஞ்சம் பழைய பாணிதான் என்றாலும் ஃபெர்னாண்டா டோரஸின் முகத்துக்காகவே பாருங்கள். கணவனை ராணுவ ஆட்சி கூட்டிக்கொண்டு போய்விடுகிறது, அவர் திரும்பி வரவில்லை, பத்திரிகைப் படத்துக்கு நிற்கும்போது சோகமாக முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னால், டோரஸ் நடித்த மனைவி பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்கிறாள்.

சரி, தொடர்கள். இங்கே என் முதல் ஆலோசனை, எத்தனை எபிசோட், கதை முடிந்துவிட்டதா என்பதைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள் என்பது. முடிவு தெரிந்து எழுதப்பட்ட கதைக்கும், அடுத்த சீசன் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதப்பட்ட கதைக்கும் எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்தால் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். இரண்டாவது வகையில் நடுவில் இரண்டு மூன்று எபிசோட்கள் வெறும் இடம் நிரப்பும், அங்கேதான் நீங்கள் விட்டுவிடுகிறீர்கள்.

அந்த வகையில் யோசிக்காமல் சொல்வது 'அடோலசென்ஸ்', 2025. நான்கே எபிசோட், ஒவ்வொன்றும் ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே ஷாட். எடிட்டராக இருந்துகொண்டு கட்டே இல்லாத தொடரை இப்படித் தூக்கிப் பிடிக்கிறேனே என்றால் காரணம் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பையனை, கூடப் படிக்கும் பெண்ணைக் கொன்றதாகச் சொல்லி அதிகாலையில் வீடு புகுந்து போலீஸ் கூட்டிக்கொண்டு போகிறது. வழக்கமாக இந்த மாதிரிக் கதையில் சங்கடமான இடம் வந்தால் எடிட்டர் ஒரு கட் போட்டு உங்களை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார். இங்கே அந்தத் தப்பிக்கும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. தகப்பனோடு அந்த அறையில் நீங்களும் இருந்துதான் ஆக வேண்டும். மூன்றாம் எபிசோட் முழுக்க ஒரு அறையில் பையனும் ஒரு மனநல நிபுணரும். அந்தப் பையன் ஓவன் கூப்பர் அதற்கு முன் நடித்ததே இல்லை, முதலில் படமாக்கியதும் அந்த எபிசோடைத்தான். அதற்காக பதினைந்து வயதில், தொலைக்காட்சித் தொடர்களுக்கான எம்மி விருது வாங்கினான். யார் செய்தது என்பதை இந்தத் தொடர் ரகசியமாக வைத்திருக்கவில்லை, ஏன் என்பதைத்தான் தேடுகிறது, அதற்கும் ஒற்றை வரியில் பதில் தருவதில்லை. ஒரு இரவுக்கு ஒரு எபிசோட் போதும். ஒரே மூச்சில் நான்கையும் பார்த்தால் மூன்றாவதின் கனம் உங்களுக்குள் இறங்க நேரம் இருக்காது.

'ஷோகன்', 2024, பத்து எபிசோட். பதினெட்டு எம்மி, ஒரே சீசனுக்கு அதற்கு முன் எந்தத் தொடரும் இத்தனை வாங்கியதில்லை. மூல நாவலின் கதை இந்தப் பத்திலேயே முடிந்துவிடுகிறது, அதனால் அடுத்த சீசன் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. இதில் மொழிபெயர்ப்பதுதான் கதையே. ஒருவன் சொன்னதை, மொழிபெயர்ப்பவளான மரிகோ எப்படி மாற்றிச் சொல்கிறாள், எதை விழுங்கிவிடுகிறாள் என்பதில்தான் உயிரும் சாவும் தொங்குகின்றன. அதனால் இதை எந்த மொழி டப்பிங்கிலும் பார்க்க வேண்டாம், எல்லோரும் ஒரே மொழி பேசினால் கதையின் எலும்பே உருவப்பட்டுவிடும். கொஞ்சம் பழையதானாலும் 2019இல் வந்த 'செர்னோபில்' ஐந்து எபிசோடை இதுவரை பார்க்கவில்லை என்றால் பாருங்கள். அதன் இசையை லித்துவேனியாவில் மூடப்பட்ட ஒரு அணுமின் நிலையத்தில் பதிவுசெய்த சத்தங்களிலிருந்தே செய்தார்கள், அதனால் அங்கே இசை எது, இயந்திரம் எது என்று பிரிக்க முடியாது. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு பாருங்கள்: அதில் வரும் பெண் விஞ்ஞானி பல நிஜ விஞ்ஞானிகளைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம், தொடரே கடைசியில் அதைச் சொல்லிவிடுகிறது. ஆவணப்படம் மாதிரி நம்பிவிடக் கூடாது.

'ஆண்டோர்' பற்றி ஒரு வார்த்தை. ஸ்டார் வார்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் தள்ளிவிடாதீர்கள், அந்தப் படங்கள் எதையும் பார்க்காமலேயே இது புரியும், இரண்டு சீசன், இருபத்து நான்கு எபிசோட், முடிந்துவிட்டது. முதல் எபிசோட் மட்டும் பார்த்துவிட்டு மெதுவாக இருக்கிறது என்று விட்டவர்கள் ஏராளம். முதல் மூன்றும் சேர்ந்துதான் ஒரு கதை, வெளியிட்டவர்களே அந்த மூன்றையும் ஒரே நாளில்தான் வெளியிட்டார்கள். அதனால் இதற்கு மட்டும் இருபது நிமிடக் கணக்கு செல்லாது, மூன்று எபிசோட் கொடுங்கள். மருத்துவமனை அவசரப் பிரிவின் ஒரே ஷிஃப்டை, எபிசோடுக்கு ஒரு மணி நேரமாகப் பதினைந்து எபிசோடில் காட்டும் 'தி பிட்' முதல் சீசனும் அப்படித்தான் நிறைவாக முடிகிறது, ரத்தம் பார்த்தால் தலைசுற்றும் என்றால் மட்டும் வேண்டாம். தமிழில் 'சுழல்' முதல் சீசனையும் 'விலங்கு' தொடரையும் தயங்காமல் சொல்லலாம், இரண்டுமே ஒரு வழக்கை எடுத்து அதே சீசனில் முடிக்கின்றன.

சந்தேகத்தோடு சொல்பவை சில. 'செவரன்ஸ்' யோசனை அபாரம், முதல் சீசனின் கடைசி எபிசோடின் எடிட்டிங்கை நான் என் உதவியாளர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன், ஆனால் முதல் சீசனுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று வருடம், கதை இன்னும் முடியவில்லை, உங்களுக்கு இப்போது இருக்கும் மனநிலையில் இதை நான் தள்ளிவைக்கச் சொல்வேன். 'மகாராஜா' கட்டப்பட்ட விதம் ஒரு எடிட்டருக்கு விருந்து, இரண்டு காலங்களை ஒரே காலம் மாதிரி நம்மை நம்பவைத்து கடைசியில் பிரித்துக் காட்டுகிறது. அதில் வரும் வன்கொடுமையை அந்தத் திருப்பத்துக்காகப் பயன்படுத்திய விதம் எனக்கு உறுத்துகிறது. படம் அசத்தல் என்று சொல்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை, நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள், ஆனால் அம்மாவோடு வேண்டாம். ஹமகுச்சியின் 'டிரைவ் மை கார்' என் மனதுக்கு மிக நெருக்கமான படம், மூன்று மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு, படத்தின் பெயர்களே நாற்பது நிமிடம் கழித்துத்தான் வரும். உங்கள் இரவு ஒன்பதரை மணிக்கு அதைச் சொல்வது நியாயமில்லை. விருது பெற்றதெல்லாம் பார்க்கத் தகுந்தது என்ற கணக்கும் வேண்டாம், அறுபத்து மூன்று எபிசோட் ஓடிய 'பெட்டர் கால் சால்' ஒரு எம்மிகூட வாங்கவில்லை, தொடர் எழுத்திலும் காட்சியமைப்பிலும் அதை மிஞ்சிய ஒன்றை நான் பார்த்தது அரிது.

தேடும் அரை மணி நேரத்தைக் குறைக்க நான் செய்வது, இரவில் தேடுவதே இல்லை. யாராவது சொன்னால், எங்கேயாவது படித்தால் அப்போதே ஒரு தாளில் பெயரை எழுதிவைப்பேன், வாரக் கடைசியில் அதிலிருந்து மூன்றை மட்டும் எடுத்துவைப்பேன். தளம் காட்டும் முகப்பை நம்புவதில்லை. நெட்ஃபிளிக்ஸ் ஒரே படத்துக்கு ஆளுக்கு ஆள் வேறு வேறு படத்துண்டைப் போஸ்டராகக் காட்டும், நீங்கள் முன்பு எதைத் தொட்டீர்கள் என்பதைப் பொறுத்து. அதனால் போஸ்டரைப் பார்த்து இது எந்த மாதிரிப் படம் என்று முடிவுசெய்ய முடியாது. ஒரு படம் பிடித்திருந்தால் அதன் இயக்குநர், எழுத்தாளர், எடிட்டர் பெயரைப் பாருங்கள், அவர்களுடைய மற்ற வேலைகளைத் தேடுங்கள். நடிகரை வைத்துத் தேடுவதைவிட இது நன்றாகவே பலிக்கிறது.

டிவியில் இரண்டு விஷயம் சரிசெய்யுங்கள், பாதிச் சலிப்பு அங்கேயே போகலாம். படங்கள் வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுகின்றன, டிவி தன் இஷ்டத்துக்கு நடுவில் ஃபிரேம்களை உருவாக்கிச் சேர்த்து எல்லாவற்றையும் வழவழவென்று ஆக்கிவிடும், நல்ல படம்கூட சீரியல் மாதிரித் தெரியும். மோஷன் ஸ்மூத்திங் என்றோ அதைப் போன்ற பெயரிலோ அமைப்பில் இருக்கும், அணைத்துவிடுங்கள், அல்லது ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போடுங்கள். இரண்டாவது, வசனம் கேட்கவில்லை, சத்தம் மட்டும் அலறுகிறது என்றால் ஒலித் தேர்வில் 5.1 இருக்கிறதா பாருங்கள். 5.1இல் வசனத்துக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் உண்டு, டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர், அந்த ஐந்தையும் இரண்டாகச் சுருக்கும்போது வசனம் பின்னால் போய்விடும். ஸ்டீரியோ என்று தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

அம்மாவைப் பற்றி. டப்பிங் என்றாலே தாழ்ச்சி என்று நினைக்கும் கூட்டத்தில் நான் இல்லை. டப்பிங் செய்யும்போது இசையும் மற்ற சத்தங்களும் தனி டிராக்கில் அப்படியே வரும், குரல் மட்டும்தான் மாறும். குரலோடு சேர்ந்து மூச்சும் தயக்கமும் போய்விடும் என்பது உண்மை, ஆனால் ஓடும் எழுத்தைத் துரத்திக்கொண்டு முகத்தையே பார்க்காமல் விடுவதைவிட அது மேல். ஷோகன் மாதிரி மொழியே கதையாக இருப்பவற்றை மட்டும் தவிருங்கள். இன்னொன்று, பல தளங்களில் சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னால் கறுப்புப் பட்டை வைக்கும் வசதி இருக்கிறது, வேகம் பிரச்சினை என்று நாம் நினைப்பது பல சமயம் எழுத்தின் அளவுதான்.

இவை எதுவும் தேவைப்படாத ஒரு படத்தோடு ஆரம்பியுங்கள். 'ஃப்ளோ', 2024, லாட்வியாவிலிருந்து கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் எடுத்த அனிமேஷன் படம், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் இதில் ஒரு சொல்கூட இல்லை. வெள்ளம் வந்து உலகம் மூழ்குகிறது, ஒரு கறுப்புப் பூனை, ஒரு படகு, அதில் ஏறிக்கொள்ளும் வேறு சில மிருகங்கள். மனிதர்கள் எங்கே போனார்கள் என்று படம் சொல்லாது, நீங்களும் அம்மாவும் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொள்வீர்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் செய்து, ஆஸ்கரும் வாங்கிவிட்டார்கள். மிருகங்களின் குரல்கள் நிஜ மிருகங்களுடையவை, கேப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்குக்கு அதன் சொந்தக் குரல் பொருந்தாததால் ஒரு ஒட்டகக் குட்டியின் குரலைப் போட்டிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் பதினொன்றுக்குள் முடிந்துவிடும்.